உயிரோடு இருக்கிறவளின் படம்

மார்கழி 6, ஞாயிறு

மலை முழுக்கப் பனி. காலை எட்டு மணிக்கும் எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. வேலூரில் வாடகைக் கார் எடுத்தாயிற்று, வெள்ளை. டிரைவர் வேண்டாம் என்றதும் கார்க்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். இருபது வருடமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் நான். அதை எடுத்து வர முடியாது. இரண்டு பக்கமும் என் பிளக்ஸ் கடைப் பெயர் கொட்டை எழுத்தில். ஒடுகத்தூர் தாண்டுவதற்குள் மச்சானுக்குப் போன் போய்விடும்.

மச்சானிடம் (என் மனைவி பச்சையம்மாளின் அண்ணன்) சொன்னது: மெஷின் பார்க்க சென்னை.
நிஜம்: மகள் மகேசைத் தேடி. அவள் அம்மா பச்சையம்மாள் செத்து முப்பத்தேழு நாள். மகளுக்கு இன்னும் தெரியாது.

எடுத்து வந்தது: சட்டை 3, சுகர் மாத்திரை, ஸ்வெட்டர், பச்சையம்மாள் புடவை 1. புடவை எதற்கு? தெரியவில்லை.

மாலை, மரக்காணம். கடல் சாம்பல் நிறம். படகெல்லாம் மேலே இழுத்துப் போட்டுக் கிடக்கின்றன. மகேசு கூட ஓடிப்போன பையனைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம். பெயர் சேகர், கடலூருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு குப்பம். மலைமேல் புதூர்நாட்டில் செல்போன் டவர் போட வந்தவன். மகேசு அங்கே நர்ஸ் வேலைக்கு ஜீப்பில் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. இந்தக் கரையில் தடுக்கி விழுந்தால் ஒரு சேகர்.

மார்கழி 7, திங்கள்

குப்பம் நான்கு. பலன் இல்லை.

படம்தான் தொல்லை. அவள் போனதும் வீட்டில் இருந்த படத்தையெல்லாம் கொளுத்தினோம். போனில் மிச்சம் ஒன்றே ஒன்று, க.அ. (கடையில் கண்ணீர் அஞ்சலிக்கு அப்படித்தான் எழுதுவோம்.) அன்றைக்கு மச்சான் கடையில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ள, ஊர்ல தலை நிமிந்து நடக்கணும்னா இதான் வழி. அவ செத்துட்டா. போர்டு வச்சுடு" என்றான். வேறு கடையில் கொடுத்தால் எழுத்துப்பிழை வரும் என்று நானே அடித்தேன். பெயர், தோற்றம், மறைவு. மறைவுக்கு அவள் போன தேதி. புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைக்கூட அழித்து அழகாக்கினேன். பஸ் ஸ்டாண்டில் வைத்தோம். பதினாறாம் நாள் மொட்டையும் போட்டுக்கொண்டேன். பச்சையம்மாள் மூன்று நாள் சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இப்போது படத்தை வெட்டி முகத்தை மட்டும் எடுக்கப் பார்த்தேன். கன்னத்தை ஒட்டி மாலை, தாடைக்குக் கீழே குத்துவிளக்கு. இன்னும் வெட்டினால் முகம் போகிறது. அவ்வளவு தொழில் சுத்தம் எனக்கு.

டீக்கடை அம்மா: "ஐயோ, சின்னப் பொண்ணாச்சே. எப்ப தவறுச்சிங்க?"
வலை பின்னுகிறவர்: "செத்துப்போன பொண்ண எதுக்குங்க தேடுறீங்க?"
உயிரோடுதான் இருக்கிறாள் என்றேன். "அப்ப மாலை?" என்றார். வண்டியை எடுத்துவிட்டேன்.

மார்கழி 8, செவ்வாய்

மழை. கடலூர் லாட்ஜில் முடக்கம். ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடை.

பச்சையம்மாளுக்கு மஞ்சள் காமாலை, நான்கே நாள். கடைசி நாள் "மகேசுக்கு சொல்லு" என்றாள். மச்சான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை இழுத்து நிறுத்தி, "கருமாதி பண்ணவளுக்கு இன்னான்னு சொல்லுவ?" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். மச்சான் மேல் பழி போட்டால் மனசுக்கு வசதியாக இருக்கிறது. பிரிண்ட் பட்டன் அமுக்கியது என் விரல்.

மாத்திரை போட்டாயிற்றா? இல்லை.

மார்கழி 9, புதன்

வெயில். பரங்கிப்பேட்டை தாண்டி ஒரு குப்பம். மீன் கூடைக்காரம்மா படத்தைப் பார்த்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "எவன் பண்ணது இத? நேத்துதான் எம் பேத்திக்கு ஊசி போட்டுச்சு இந்தப் பொண்ணு!"
அவங்கப்பா, என்றேன்.
"அந்த ஆளு நல்லா இருப்பானா?"
"இல்லம்மா, நல்லா இல்ல."
வழியைக் காட்டினாள். இரண்டு தடவை தப்பான கியர் போட்டேன்.

ஓட்டு வீடு, நீல வாசல். மகேசு வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருவத்துக்கு மேலே தழும்பு இருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. குனிந்து காரின் முன் சீட்டைப் பார்த்தாள். சுற்றிப் போய்ப் பின் சீட்டைப் பார்த்தாள்.
"அம்மா வர்ல? இன்னும் எம்மேல கோவமா?"
"வூட்ல இருக்குது. உடம்பு சரியில்ல."
என் வாயிலிருந்து வந்தது அதுதான்.
"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள்.

சேகர் கை கழுவத் தண்ணீர் ஊற்றினான். மாமா என்றான். சாப்பிட்டேன். சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது நான்கு தடவை.

மார்கழி 10, வியாழன்

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அவளும் குழந்தையும் பின் சீட்டில். சேகருக்கு வேலை, பிறகு வருவானாம்.

விழுப்புரம். குழந்தை தூக்கம். சொல்லவில்லை.
திருவண்ணாமலை. அம்மாவுக்கு என்று சாத்துக்குடி வாங்கினாள். "இன்னா பண்ணுது அம்மாக்கு? சுகரா, பிரஷரா? மருந்துச் சீட்டு இருக்குதா?" நர்ஸிடம் பொய் சொல்வது கஷ்டம். காமாலை என்றேன். "எண்ணெப் பலகாரம் குடுத்துடாதீங்க" என்றாள். சரி என்றேன்.

போளூர் தாண்டியதும் மலை தெரிந்தது. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.
"எப்போ?"
"ஐப்பசிக் கடைசி வெள்ளி."

பின்னால் சாத்துக்குடிப் பையைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு:
"நீ வெள்ளிக்கெழம பிளக்ஸ் ரோல் எடுக்க வேலூர் போவ இல்ல, அப்போ அம்மா போன் பண்ணும்பா. மூணு வருசமா. திடீர்னு நின்னுடுச்சி. நான் போட்டா சுவிட்ச் ஆஃப்."
பச்சையம்மாள் போனை அணைத்து பீரோவில் வைத்தது நான்தான். ஒரு நாளும் எனக்குத் தெரியாது, அவள் பேசியது.
"அம்மாவும் என்ன தலமுழுகிடுச்சின்னு நெனச்சேன். தெனம் திட்டிக்கினே இருந்தேன்பா. செத்துப்போன அம்மாவ."

கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். அரை மணி நேரமாக ரோட்டோரம் நிற்கிறாள். பஸ்கள் ஹார்ன் அடித்துப் போகின்றன. குழந்தை சீட்டில் தூங்குகிறது. ஸ்டீயரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். வண்டி மலையைப் பார்த்து நிற்கிறது. திருப்பச் சொன்னால் திருப்புவேன்.