கேள்விக்குறிகளாகிப் போன பக்கங்கள்

ஜூன் 3, செவ்வாய்

விடாத மழை. டிரையர் ரிப்பேர். மகள் நிலாவின் பள்ளி யூனிஃபார்ம் நாற்காலி முதுகில், இன்னும் ஈரம்.

தமிழ்ச் சங்கச் செயலாளர் போன்; சங்க சைட்டைக் கவனிப்பது நான்தான். "நம்ம சைட்டைப் பாத்தீங்களா? முழுக்கக் கிறுக்கல்." பார்த்தேன். சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனி புது சர்வருக்கு மாற்றியிருக்கிறது. தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர். பயமில்லை. எழுத்து கெடவில்லை. அது தமிழ் என்று சர்வருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் யோகா அக்கா போன். நகரத்துக்கு வெளியே, புக்கெகோஹியில் காய்கறி பேக்கிங் வேலை.

"பிள்ளை, அவற்ற பக்கமும் போயிட்டுதோ?"

"வந்துரும்க்கா. ரெண்டு நாள் கொடுங்க."

'அவர்' அவருடைய கணவர், நேசன் அண்ணா. மார்ச்சில் இறந்தார். சங்க சைட்டில் பல வருடமாகத் 'தோட்டப் பக்கம்' எழுதியவர். பக்கவாதத்தில் பேச்சு போன பிறகும் விடவில்லை. இடது கை, ஒரே விரல், டேப்லெட். கடைசி வருடம் அவர் பேசியதெல்லாம் அதில்தான்.

ஜூன் 5, வியாழன்

ரயிலில் இடம் கிடைத்தது. அதிசயம். லஞ்சில் சைட் வேலை:

– சர்வர் அமைப்பில் யூ.டி.எஃப்-8 (தமிழைத் தமிழாகக் காட்டும் குறிமுறை) என்று ஒரு வரி
– டேட்டாபேஸ் இணைப்பில் அதே
– பழைய பக்கங்கள் தேங்கியிருந்த கேஷ் காலி

ரிஃப்ரெஷ். 'முருங்கைக்கு இந்தக் குளிர் ஒத்துவராது' என்று நேசன் அண்ணா, சுத்தத் தமிழில். கத்தியே விட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தார்.

பிறகு கடைசி வருடப் பக்கங்கள். அங்கே கிறுக்கல்கூட இல்லை. வெறும் கேள்விக்குறி. சுலபமாகத் தட்டட்டும் என்று அவருக்குத் தனியாக ஒரு குறிப்புப் பெட்டி வைத்துக் கொடுத்திருந்தேன். டேட்டாபேஸில் அதற்கு வேறு அட்டவணை. கம்பெனி நகல் எடுத்தபோது அதில் இருந்த தமிழ் மட்டும் ஏறவில்லை. எழுத்துக்கு, கொம்புக்கு, புள்ளிக்குத் தனித்தனியாக ஒரு கேள்விக்குறி.

கிறுக்கலைத் திருப்பிவிடலாம். கேள்விக்குறிக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது.

கம்பெனிக்கு மெயில்.

ஜூன் 6, வெள்ளி

பதில் வந்தது. பழைய சர்வரை அழித்தாயிற்றாம். பேக்கப் அனுப்பினார்கள். திறந்தேன். அதிலும் அதே. டேப்லெட்டில் எதுவும் தங்காது. தட்டியது நேராக சர்வருக்குப் போகும். உறுப்பினர் லாகினுக்குள் இருந்த பக்கம், வெளியே எங்கும் நகல் இல்லை.

நிலா: "அம்மா, யூ லுக் சேட்."

"ஆமாடி."

நாளைக்கு அக்கா வருகிறார். எப்படிச் சொல்ல?

ஜூன் 7, சனி

வெயில், ஊசிக் காற்று. அக்கா ஒரு பை நிறைய லீக்ஸ், காலிஃபிளவரோடு வந்தார். முதலில் பழைய பக்கங்களைக் காட்டினேன். சத்தமாக வாசித்தார். நடுவில் ஒரே சிரிப்பு. "பாருங்கோ, மனிசி தண்ணி ஊத்த மறந்திட்டா எண்டு எழுதியிருக்கிறார். எல்லாரும் வாசிச்சிருப்பினம்!"

டீ கொடுத்தேன். சொன்னேன்.

"கடைசி வருஷத்து எழுத்து வராதுக்கா. அழிஞ்சு போச்சு."

"இஞ்ச கிடக்குதே." திரையைத் தொட்டார்.

??????? 2 ?????. ???? ????????, ????? ???.

"அது எழுத்து இல்லக்கா. எவ்வளவு நீளம்னு மட்டும்தான் இருக்கு." அவர் விரல் அந்த 2-இல் நின்றுவிட்டது. "படிச்சதுல ஏதாவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க. நான் அடிச்சு வைக்கிறேன்."

"நான் வாசிக்கேல்லைப் பிள்ளை."

எனக்குப் புரியவில்லை.

"வேலையால வந்து, சமைச்சு, அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, படுத்தா விடிஞ்சிடும். அவர் டேப்லெட்டை நீட்டுவார். பிறகு பாக்கிறனப்பா எண்டுவன். அவர் போனாப்பிறகு திறக்கப் பயம். இந்தக் கிழமைதான் துணிஞ்சு திறந்தனான்."

அழவில்லை. கப்பைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார். லீக்ஸ் பை மேஜையில் அப்படியே.

ஜூன் 8, ஞாயிறு

யாராவது படித்திருக்க மாட்டார்களா? உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். லைக் போட்டது நினைவிருக்கிறது, என்ன எழுதியிருந்தார் என்பது இல்லை. செயலாளர்: "அந்தப் பக்கத்தைத் தூக்கிடலாமே, பாக்க நல்லா இல்ல." வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

ஜூன் 10, செவ்வாய்

சளி. வீட்டிலிருந்தே வேலை.

மலேசியாக்காரர் மாணிக்கம் திருப்பிக் கூப்பிட்டார். ரிட்டயர்டு. எல்லாப் பக்கமும் படித்தவராம். "வரிக்கு வரி தெரியாதும்மா. ஒண்ணு மட்டும் மறக்கல. வைஃப் விடியறதுக்கு முன்ன வேலைக்குக் கிளம்புவாங்களாம். இவரு தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பாராம். காரு சத்தம் தெருமுனை தாண்டுற வரைக்கும் கேட்டுட்டுத்தான் கண்ணத் திறப்பாராம். அப்படி எழுதியிருந்தாரு."

அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். நேசன் அண்ணாவின் சொற்கள் இல்லை இவை. சொல்லலாமா, வேண்டாமா? அக்காவின் வேலை முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

முடித்ததும், "கேக்குதாக்கா?" என்றேன்.

"ஓம், நிக்கிறன்."

பின்னால் பேக்கிங் ஷெட்டில் யாரோ ஆங்கிலத்தில் கூப்பிடும் சத்தம்.

"நித்திரை எண்டெல்லோ நினைச்சனான்," என்றார். "எழும்பிடுவார் எண்டு, லைட்டும் போடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் போறனான்."