உடன் வருபவர்

திண்டுக்கல்
30.1.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஜீவிதா எழுதுகிறேன். உங்கள் தங்கை மலர்விழியின் மகள். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது ஏழாம் வகுப்பு. இப்போது பத்தாம் வகுப்பு, அம்மாவைவிட இரண்டு விரல் உயரம்.

எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. நான் நலம். சத்தீஸ்கரில் போர்வெல் வண்டியோடு இருக்கும் அப்பாவும் நலம். அம்மா முக்கால் நலம். மீதிக் கால் பங்குக்காகத்தான் இந்தக் கடிதம்.

அம்மா இன்னும் சத்துணவில்தான் சமைக்கிறார். ஆறு மாதமாகத் தொப்புளுக்கு மேலே நெல்லிக்காய் அளவு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், சாம்பார் அண்டாவைத் தூக்கினால் வெளியே வரும். சேலையை இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டே இருந்தார். பொங்கல் கழிந்து பள்ளி திறந்த அன்று அண்டாவைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நான்தான் பிடிவாதம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

குடலிறக்கம் என்றார் டாக்டர். சின்னதுதான், ஆனால் குடல் போய் அதில் மாட்டிக்கொண்டால் ஆபத்து, அப்பா வரும் மழைக்காலம் வரை தள்ளக் கூடாது என்றார். காலையில் அறுவை சிகிச்சை, சாயங்காலம் வீடு. பிப்ரவரி 24, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நர்ஸ் அக்கா படிவம் நிரப்பும்போது, "கூட யாரும்மா வருவா?" என்று கேட்டார்.

"இந்தா, பிள்ளை வருமே."

"வயசு?"

"பதினஞ்சு."

"அது ஆகாதும்மா. பெரியவங்க ஒருத்தர் வேணும். கையெழுத்துப் போடணும், சாயந்தரம் கூட்டிட்டுப் போகணும், ராத்திரி பக்கத்துல இருக்கணும். ஆள் இல்லாட்டி மயக்க டாக்டர் ஊசியே போட மாட்டார்."

அம்மா யோசிக்கவே இல்லை, பெரியம்மா. "எங்க அக்கா வருவாங்க" என்றார். பெயர் கேட்டார்கள். "சிவனம்மாள்" என்றார். 'உடன் வருபவர்' என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மாடிப்படி இறங்கும்போது கேட்டேன், "பெரியம்மாகிட்டப் பேசிட்டியாம்மா?"

"சும்மா சொன்னேன்டி. வாயில வந்துச்சு. வெரசா நட, டவுன் பஸ் போயிரும்."

மாடி வீட்டு மரியசெல்வி அக்காவைக் கேட்கலாம் என்றால், "கைக்குழந்தைக்காரியை இழுக்காதே" என்கிறார். தனியாகவே போய்ச் சமாளிப்பாராம்.

அம்மா போன் மாற்றியதில் உங்கள் வீட்டு எண்கள் எதுவும் இல்லை. பழைய கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் அட்டையில் விலாசம் கிடைத்தது. நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. நீங்கள் வருவீர்களா? பதிலை என் பள்ளி விலாசத்துக்கு எழுதுங்கள். நூலகத்து ஆனந்தமேரி டீச்சர் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். அழைப்பு என்றால் அப்படித்தான் செய்வார்கள் என்று தெரியும். அறுவை சிகிச்சைக்கும் தடவலாமா என்றுதான் தெரியவில்லை. நூலகத்தில் தேடினேன், எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உங்கள் மகள்,
ஜீவிதா


நெய்க்காரப்பட்டி
5.2.2025

கண்ணு ஜீவிதாவுக்குப் பெரியம்மா எழுதறது.

உன் கடுதாசி வந்துச்சு. மஞ்சளைப் பாத்துட்டு உங்க பெரியப்பா, "யாரு வூட்ல கண்ணாலம்?"னு கேட்டாரு. ஆபரேசனுக்கு அழைப்புன்னேன். அவர் சிரிச்ச சிரிப்புல தொழுவத்துல மாடு மெரண்டுருச்சு. இத்தன வயசுக்கு ஆபரேசனுக்கு மஞ்சத் தடவிக் கூப்புட்டது நீ ஒருத்திதான் சாமி.

ஆனா ஒன்னு சொல்லணும். மூணு வருசம் முந்தி நீங்க புதுவூடு கட்டிப் பால் காச்சினீங்க. எனக்கு எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? எம் மகன் அய்யனார் போன்ல பத்திரிகையோட படம் வந்துச்சு. அவன் தேதியும் நேரமும் படிச்சான். அம்புட்டுத்தான். கூடப் பொறந்தவளுக்குப் போன்ல படமா? இங்கெல்லாம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வூட்டுக்கே வெத்தல பாக்குத் தட்டோட வந்து கூப்புடுவாங்க. எங்க நாத்தனா எல்லார் முன்னாலயும் கேட்டா, "ஏனுங்கண்ணி, உங்க தங்கச்சிக்கு இந்தப் பக்கம் பஸ்ஸே வராதுங்களா?" நான் மொகத்த எங்க கொண்டு போய் வெக்கறது?

உங்கம்மா வாயால ஒரு வார்த்த கூப்புடட்டும், வாரேன். நீ கூப்புட்டா செல்லாது. நீ கொழந்த.

அவளுக்கு வலி இருக்குதா? ராத்திரி தூங்கறாளா? சின்னதுல இருந்தே வலின்னு சொல்ல மாட்டா அவ. நீதான் மூஞ்சியப் பாத்துக் கண்டுபுடிக்கணும். அண்டாவத் தொட வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லு. வேண்டாம், நான் சொன்னதாச் சொல்லாத.

பெரியம்மா
சிவனம்மாள்


திண்டுக்கல்
12.2.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டத்தால் தபால்காரர் தாமதமாக வந்தார். கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் பதில்கள். வலி இருக்கிறது. தும்மும்போது கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குகிறார். அண்டாவை இப்போது ஆயாவும் பள்ளிக் காவலாளியும் சேர்ந்து தூக்குகிறார்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது உங்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைத்தேன். பிறகு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். "புதுவீட்டுக்கு எல்லாரையும் தட்டோட போய்க் கூப்பிட்டியே, பெரியம்மா வீட்டுக்கு மட்டும் ஏம்மா போகல?"

ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளினார். பிறகு சொன்னார்: "விருந்தாளியைத்தான் தட்டு வச்சுக் கூப்பிடணும். அவ என்கூட வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்ல வேண்டியவ. எனக்கு நானே போய்த் தட்டு வச்சுக்குவேனா?"

பீரோவிலிருந்து அன்றைய அழைப்புப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். ஒன்றை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அய்யனார் அண்ணன் தேதியும் நேரமும் மட்டும் படித்தார் என்றீர்கள். அதற்கும் கீழே பாருங்கள். 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்று போட்டு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் சிவனம்மாள். இரண்டாவதுதான் மலர்விழி.

அன்று பொங்கிய பாலில் முதல் டம்ளரை அம்மா உங்களுக்கென்று எடுத்து வைத்தார். சாயங்காலம் வரை யாரையும் தொட விடவில்லை. அது திரிந்துபோயிற்று. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் அதைக் கேட்டுத் திட்டு வாங்கினேன்.

அம்மா இதை உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். சிறியவள் இப்படி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் அக்காவிடம் அன்றைய நாளைப் பற்றி எல்லாம் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முந்தின இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு சாப்பாடு கூடாது. காபியும் சாப்பாட்டுக் கணக்குதானாம். காலையில் தலைக்குக் குளிக்க வேண்டும், பவுடர் வேண்டாம். கம்மல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. முழித்த பிறகு குளிரும், குமட்டும், சம்பந்தமில்லாமல் பேசலாம், பயப்படக் கூடாது. தண்ணீர் குடித்து, ஒருமுறை சிறுநீர் போன பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இரும வேண்டும். ஆறு வாரத்துக்குக் குடம்கூடத் தூக்கக் கூடாது.

இவ்வளவும் தெரிந்து என்ன, எனக்கு வயது போதவில்லை. அதோடு அன்றைக்குத்தான் எனக்கு அறிவியல் செய்முறைத் தேர்வு. காலையில் சீக்கிரமே போனால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வெளியே விடுவார்கள்.

உங்கள் மகள்,
ஜீவிதா


திண்டுக்கல்
19.2.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஆனந்தமேரி டீச்சர் என்னைத் தூரத்தில் பார்க்கும்போதே 'இல்லை' என்று தலையாட்டிவிடுகிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒத்திகை பார்க்கிறார். "அக்கா கீழ டீ குடிக்கப் போயிருக்காங்க." நேற்று அதையே வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார்: "இப்பத்தான் கீழ போனாங்க." அம்மாவுக்குப் பொய் சொல்ல வரவே வராது. காது சிவந்துவிடுகிறது. கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் நர்ஸ் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். சொன்னால் தேதி போய்விடும். அடுத்த தேதிக்கு அம்மா வரவே மாட்டார். சொல்லாமல் விட்டால் இரவு அம்மாவோடு நான் மட்டும். ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று என் நோட்டில் இல்லை.

நீங்கள் வந்தால் ஒரே ஒரு உதவி. நான் தேர்வில் இருக்கும்போது நடப்பதையெல்லாம் எழுதி வையுங்கள். அப்பாவுக்கு நான் விவரமாகச் சொல்ல வேண்டும். வராவிட்டாலும் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கும், அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள்,
ஜீவிதா


திண்டுக்கல், ஆஸ்பத்திரி ரெண்டாவது மாடி
24.2.2025

கண்ணு ஜீவிதாவுக்கு,

எழுதி வெக்கச் சொன்னியே, எழுதறேன். பக்கத்துல உக்காந்திருக்கற பையன்கிட்ட பேனா வாங்கியிருக்கேன். தாள் இந்த மருந்துச் சீட்டோட பின்பக்கந்தான்.

பத்திரிகையப் பாத்தேன். மூணு நா பாத்தேன். எம்பேரு மொதல்ல. அய்யனாரக் கூப்புட்டு, "படத்த முழுசா எறக்கிப் பாக்கத் தெரியாதாடா உனக்கு?"ன்னு கேட்டேன். அவன் வாங்குன வசவ எழுதுனா இந்தத் தாள் பத்தாது. உனக்குப் பதில் போடல. வர்றதுன்னு முடிவு பண்ணிட்டவ கடுதாசி எழுதிட்டு இருப்பாளா?

விடியறதுக்கு முந்தி மொத பஸ். ஆறரைக்கெல்லாம் இங்க வந்துட்டேன். படிக்கட்டு ஓரமா நின்னேன். உங்கம்மா வயர்கூடையோட ஒத்தையில ஏறி வந்தா. என்னப் பாக்கல. நேரா அந்த நர்ஸ் புள்ளைகிட்டப் போயி, "அக்கா கீழ டீ குடிக்க..."ன்னு ஆரம்பிச்சா.

பின்னால நின்னுட்டு, "குடிச்சுட்டு வந்துட்டேன்"னேன்.

கண்ணு, அவ திரும்புன மொகத்த எழுத எனக்கு வராது. கூடைய நான் வாங்கிட்டேன். அப்புறம், "ஏன் வந்தே?"ன்னா. "கையெழுத்துப் போட"ன்னேன். "கையெழுத்து போடத் தெரியுமா உனக்கு?"ன்னா. அஞ்சாப்பு வரைக்கும் அவளுக்கு நாந்தானே வூட்டுக்கணக்குப் போட்டுக் குடுத்தேன்! நல்லா வாயி இருக்குது அவளுக்கு.

ஏழரைக்குக் கம்மல், மெட்டியெல்லாம் கழட்டுனா. மெட்டி வரமாட்டேன்னுச்சு, நான் சோப்புப் போட்டு உருவுனேன். எல்லாம் எம் முந்தானையில முடிஞ்சு இருக்குது. பச்ச அங்கி மாட்டி விட்டாங்க. அதப் பாத்துட்டு, "எப்படி இருக்கேன்?"ன்னா. "சோளக்கொல்லைப் பொம்ம கணக்கா இருக்கே"ன்னேன். சிரிச்சா. சிரிச்சா வலிக்குதுன்னு வயித்தப் புடிச்சுட்டா.

எட்டேகாலுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. கதவுகிட்ட என் கையப் புடிச்சு, "அக்கா, பயமா இருக்கு"ன்னா. வலின்னு சொல்லாதவ, பயம்னு சொல்லாதவ. "நான் இங்கயேதான் இருப்பேன், எங்கயும் போக மாட்டேன்"னேன். சொன்ன சொல்லுக்கு, ஒன்னுக்கு வந்தும் அடக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒம்பதே முக்காலுக்கு டாக்டரு வெளிய வந்து நல்லபடியா முடிஞ்சுதுன்னாரு. அப்புறந்தான் போனேன். இதையும் உங்கப்பாகிட்ட சொல்லாத.

பத்தரைக்கு உள்ள விட்டாங்க. அரைமயக்கத்துல குளுருதுன்னா, என் சால்வையப் போத்துனேன். "உப்புப் போட்டாச்சா? சாம்பாருக்கு உப்புப் போட்டாச்சா?"ன்னு நாலு தடவ கேட்டா. போட்டாச்சுன்னேன். நீ எழுதாம இருந்திருந்தா நான் பயந்துருப்பேன். இப்ப தூங்கறா. மறுபடி என்ன வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க.

தையல் பிரிக்கற வரைக்கும் நான் இங்கதான். மாட்டப் பெரியப்பா பாத்துக்குவாரு. மாடு அவரப் பாத்துக்கும். இன்னிக்குச் சாயங்காலந்தான் மொத மொத உங்க வூட்டுக்குள்ள கால் வெக்கப் போறேன். வழி எனக்குத் தெரியாது. உங்கம்மாதான் ஆட்டோக்காரருக்குச் சொல்லணும். மயக்கத்துல எந்த வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறாளோ, நீ பரீட்ச முடிஞ்சதும் வெரசா வந்துரு.

மணி பன்னெண்டாகப் போகுது. முழிச்சுத் தண்ணி கேக்கறா போல. நர்ஸ் புள்ள வாசல்ல நின்னு, "மலர்விழி கூட வந்தது யாருங்க?"ன்னு கூப்புடுது.

போறேன் கண்ணு. என்னத்தான் கூப்புடுது.