மாதுளை வரைந்த பாவு

மர்கிலான் பட்டு நெசவுக்கூடம்

நிகீனாவின் அப்பாவுக்கு,

சலாம். நீங்களும் குழந்தையும் சுகமா? அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம். சாயத் தொட்டியில் கை லேசாகச் சுட்டுவிட்டது, ஆறிவிட்டது.

ஒரு சேதி. பட்டுப் பாவில், அதாவது தறியில் ஏற்றுமுன் விரித்துவைக்கும் நீள நூல்களில், கரியால் வடிவம் வரைவது இங்கே ஆண்களின் வேலை. பெண்கள் நெய்வதோடு சரி. நான் ஒரு மாதுளை வரையட்டுமா என்று கேட்டேன். வரைவதில் மூத்தவரான எர்காஷ் அண்ணன் சிரித்தார்.

"நல்லாத்தானே நெய்யுற, உனக்கு எதுக்கும்மா இந்த ஆசை? பாவு கெட்டுச்சுன்னா அப்புறம் கரியைத் தொடவே விடமாட்டேன்."

"கெட்டா நானே தொடமாட்டேன், அண்ணே."

வரைந்தேன். வெள்ளையாக நிற்கவேண்டிய இடங்களை இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினேன். கட்டவிழ்த்தபோது சிவப்பு விளிம்பு தாண்டி வெள்ளைக்குள் மெல்லக் கசிந்திருந்தது. மாதுளை பழுத்து வெடிக்கப்போவதுபோல் இருந்தது. அண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கசிவுதான் அழகே. எல்லார் கைக்கும் வராது. அடுத்த பாவையும் நீயே வரை," என்றார்.

அதனால் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு ஊருக்கு வரமாட்டேன். இப்போது விட்டால் இந்த இடம் மறுபடி கிடைக்காது. கோபம் வந்தால் எழுதித் திட்டுங்கள், அதையாவது படிப்பேன்.

நம் மலைச் சீரகம் கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால் அந்தச் சட்டையையும் அனுப்புங்கள், தைத்துத் தருகிறேன். அறுந்திருக்காவிட்டாலும் அனுப்புங்கள்.

கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரர் வாசலில் கத்துகிறார். தாளெல்லாம் கரி, கை கழுவ நேரமில்லை.

உங்கள்
மஹ்லியோ