கவிழ்த்து வைத்த சொம்புகள்

ஆகஸ்ட் 18, திங்கள்

"ஒரு அஞ்சு நிமிச வேலைம்மா பிரியா" என்றார் முதலாளி சேவுகப்பெருமாள். அவர் வாயில் எல்லா வேலையும் அஞ்சு நிமிஷம்தான். அவருக்கு வேலையும் தெரியாது, நிமிஷமும் தெரியாது. ஜெராக்ஸ் கடை போர்டைத் திருப்பிப் பின்பக்கம் 'டெக்னாலஜிஸ்' என்று எழுதினால் மென்பொருள் கம்பெனி ஆகிவிடும் என்று நம்புகிற ஒரு மனிதர் காரைக்குடியில் இருக்கிறார். அவரிடம்தான் நான் நாலு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். என்னைச் சொல்லணும்.

வேலை இதுதான். பெரிய வீடுகளின் சாமான் அறைகளுக்காக நாங்கள் விற்கும் ஆப்பில் கேமராவை நீட்டினால், பாத்திரத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படித்து, எந்தச் சாமான் வெளியே போனது, எது உள்ளே வந்தது என்று குறித்துக்கொள்ளும். படிக்கிற பகுதி எங்களுடையது இல்லை. எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதிக் கொடுத்த ஆயத்த நிரல், லைப்ரரி என்பார்கள். அவன் பழையதை நிறுத்துகிறானாம். புதியதற்கு மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

அந்த லைப்ரரிக்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொன்றுக்கும் வேறு பேர் வைத்திருக்கிறான். வழிகாட்டிப் பக்கத்தின் முதல் வரி: 'மாற்றம் எளிது.' என் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. எளிதாம்!

ஆகஸ்ட் 25, திங்கள்

கண்டனூர் வீட்டில் வெள்ளிக்கிழமை கல்யாணம். அதற்குள் புதிய பதிப்பு போக வேண்டுமாம். இன்னும் இரண்டு நாள் சோதித்துப் பார்க்கிறேன் என்றேன்.

"ஸ்கேன் ஆகுதா?"

"ஆகுது சார்."

"பீப்புங்குதா?"

"பீப்புங்குது."

"பெறகென்ன? ஏத்திவிடு."

மேசையில் ஒரு ஸ்டிக்கரை வைத்துப் பார்த்தேன். படித்தது. ஏற்றிவிட்டேன்.

அந்த வீடு மூன்று பங்காளிகளுக்குச் சொந்தம். ஒருவரும் ஊரில் இல்லை. சாமான் அறைக்கு மூன்று பூட்டு, ஆளுக்கொரு சாவி. மூவரும் கூடினால்தான் அறை திறக்கும். கூடுவது கல்யாணத்துக்கு, இல்லாவிட்டால் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு. சொந்த அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் நம்பாததால் விற்ற ஆப் எங்களுடையது. பெருமைதான்.

ஆகஸ்ட் 30, சனி

கல்யாணம் முடிந்ததாம். புகார் எதுவும் இல்லை. குன்றக்குடி முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்ளலாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பங்காளிகளில் மூத்தவர் சொக்கு, சென்னையிலிருந்து போன் செய்தார். வெளியே போன வெள்ளிச் சொம்புகளில் ஒன்று உள்ளே வரவில்லை என்று ஆப் காட்டுகிறதாம். ஸ்கேன் செய்தவர் அவரேதான். ஒவ்வொன்றுக்கும் பீப் கேட்டாராம். அதனால், வராத சொம்பை எடுத்தது கழுவி அடுக்கிய ஒச்சம்மாளாகத்தான் இருக்க வேண்டுமாம்.

ஒச்சம்மாள் அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்பவர். இவர்கள் வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத வீட்டில் தினமும் விளக்குப் போடுகிறவர்.

"போலீசுக்கெல்லாம் போகலம்மா. மன்னிச்சு விட்டுட்டோம். வாசக் கதவுச் சாவியை வாங்கிட்டு அனுப்பியாச்சு" என்றார். என்ன பெரிய மனசு! இந்த மன்னிப்பைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

அறையைத் திறந்து ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாமே என்றேன்.

"அதுக்கு மூணு பேரும் வரணுமே. ஆப்பு வாங்குனதே எண்ணாம இருக்கத்தானம்மா?"

செப்டம்பர் 3, புதன்

பிடித்துவிட்டேன். உள்ளே வந்த பதிவில் ஒரே சொம்பு அடுத்தடுத்து இரண்டு தடவை.

திரை நடுவில் ஒரு சதுரம் வரும். பழைய லைப்ரரி அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் படித்தது. புதியது கேமராவில் தெரிகிற எல்லா ஸ்டிக்கரையும் படிக்கிறது. சதுரம் இப்போது வெறும் கோலம். படித்ததில் எது முதலில் வருகிறதோ அதை நான் எழுதியது எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே எடுத்ததாக இருந்தாலும் பீப் அடிக்கிறது.

கழுவிய சொம்பை வளவு முற்றத்தில் எப்படி வைப்பார்கள்? தண்ணீர் வடியக் கவிழ்த்துத்தானே? வரிசையாக, ஒட்ட ஒட்ட, அத்தனை ஸ்டிக்கரும் மேலே பார்த்தபடி. எந்த வீட்டுலடி சொம்பை ஒவ்வொன்றா மேசையில வச்சு ஸ்கேன் பண்றாங்க? எம்.சி.ஏ. படிச்ச மூதேவி.

இரண்டாவது பீப் பக்கத்துச் சொம்புக்கு அடித்திருக்க வேண்டியது. அந்தச் சொம்பு உள்ளேதான் இருக்கிறது. மூன்று பூட்டுக்குப் பின்னால்.

செப்டம்பர் 4, வியாழன்

இரண்டு டிபன் தட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலாளிக்குச் செய்து காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. புரியாமல் பேசியிருந்தால் மன்னித்திருப்பேன்.

"சத்தமில்லாம சரிபண்ணி ஏத்திவிட்ரு. நம்ம தப்புன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வாங்குவான்?"

"அப்ப ஒச்சம்மா?"

"அந்தம்மாவுக்கு வேற வீடு கிடைக்கும்மா."

திருடி என்று பேர் வாங்கியவரிடம் கண்டனூரில் எவர் சாவி கொடுப்பார்? நானும் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சரி சாராம்.

செப்டம்பர் 8, திங்கள்

நாட்டரசன்கோட்டை வீட்டுக்காரர் ஒருவரிடம் முதலாளி போனில்: "கண்டனூர்ல திருட்டையே புடிச்சுக் குடுத்துருச்சுல்ல நம்ம ஆப்பு!"

தூ.

செப்டம்பர் 9, செவ்வாய்

சரிசெய்த பதிப்பை ஏற்றினேன். ஏற்றும்போது 'புதியது என்ன?' என்று ஒரு கட்டம் வரும். எல்லோரும் 'சிறு பிழைகள் நீக்கப்பட்டன' என்று எழுதிவிட்டுப் போவார்கள். நான் எழுதியது:

'சென்ற பதிப்பில் எங்கள் தவறால், பக்கத்தில் பக்கத்தில் இருந்த பாத்திரங்களில் சில பதிவாகவில்லை. கண்டனூர்க் கல்யாணத்தில் வெள்ளிச் சொம்பு காணாமல் போகவில்லை. அதை ஒச்சம்மாள் எடுக்கவில்லை.'

அதே வரிகளைப் பங்காளிகள் மூவருக்கும் அனுப்பினேன். இவர்களாவது படிப்பதாவது என்ற சந்தேகம்தான்.

செப்டம்பர் 10, புதன்

காலையில் வேலை போயிற்று. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

சொக்கு கொதிக்கிறார். அவர் ஸ்கேன் செய்ததைக் குறை சொல்லிவிட்டேனாம். "ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாரோம். தொறந்து காட்டுறோம். சொம்பு இல்லைன்னா உம்மேல கேசு."

ஒருத்தியின் மானத்துக்குத் திறக்காத அறை வீம்புக்குத் திறக்கப்போகிறது. எதற்கோ திறந்தால் சரி. ஒச்சம்மாளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சொம்பு இருந்தது. மற்றச் சொம்புகளோடு, அதே வரிசையில். சொக்கு அதை எடுத்து, திருப்பி, ஸ்டிக்கரைப் பார்த்து, மறுபடி வைத்தார். தம்பிமார் இருவரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி சரி. நாளையிலேருந்து வழக்கம்போல வந்துரு" என்றார் சொக்கு, வந்து நின்ற ஒச்சம்மாளிடம். மன்னிப்பு என்ற சொல் அன்றைக்கு வாயில் தாராளமாக வந்தது, இன்றைக்கு வரவில்லை.

ஒச்சம்மாள் அதோடு விடவில்லை. போய் வாசல் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு வந்தார். தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள்.

"ஒண்ணத்தான பாத்தீக? எல்லாத்தையும் எண்ணுங்க. இல்லைன்னா நாளைக்கு இன்னொண்ணக் காணோம்பீக."

"அதெல்லாம் வேணாம், நாங்க நம்புறோம்."

"நீங்க நம்ப வேணாம். எண்ணுங்க."

எண்ணினார்கள். பாத்திரங்கள் வளவுக்கு வந்தன. மூன்று பெரிய மனிதர்களும் வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு எண்ணினார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. தூணில் சாய்ந்துகொண்டு, சொக்கு அண்டாவை உருட்டித் திணறுவதைச் செல்போனில் எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா" என்றார் ஒச்சம்மாள், என்னைப் பார்த்து. "ஊருக்கே தெரிய எம்பேர எழுதுனியே, என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

இல்லை என்றேன்.

"அந்த ஆப்பைப் பண்ணது யாரு?"

"நாந்தான்."

"அப்பறம் என்ன அங்குட்டு நின்னு வேடிக்கை? உக்காரு. எண்ணு."

சொக்குவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். எனக்குக் கரண்டிகள்.