ருசி பார்க்காத தட்டு

என்னங்க,

சமையல் கல்லூரிக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். பால் சேர்த்த சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. லேசாகச் சூடு பண்ணுங்கள், கொதித்தால் திரிந்துவிடும்.

நேற்றுப் பரீட்சையில் நாலு நிமிடம் தாமதமாகத் தட்டைக் கொண்டுவந்த மாணவிக்கு சைபர் போட்டதைப் பெருமையாகச் சொன்னேன்.

"ருசி பாத்தியா?" என்றீர்கள்.

"லேட்டா வந்த தட்டைத் தொடக்கூடாது. அதுதான் சட்டம்."

"வாயிலயே வைக்காம ஃபெயிலா? நல்ல வாத்தியாரம்மா போ!"

சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்துபோனேன். அப்புறம்தான் யோசித்தேன். இத்தனை வருஷத்தில் நான் வேலை முடிந்து வந்து சமைத்த சாப்பாடு என்றைக்கு நேரத்துக்கு வந்தது? ஒரு நாளாவது தட்டைத் தள்ளிவைத்தீர்களா? "வா, நீயும் உக்காரு" என்றுதானே சொல்வீர்கள்!

விடிந்ததும் கல்லூரி முதல்வரைப் போனில் கூப்பிட்டு, அவளுக்கு இன்றைக்கே மறுபரீட்சை வைக்கலாமா என்று கேட்டேன். "வகுப்பு தொடங்குறதுக்குள்ள முடிச்சிடுங்க மேடம்" என்றார். மாணவியை மறுபடி சமைக்க வரச் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் வீண்.

மாத்திரை டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று. "எப்படி மேடம் மனசு மாறினீங்க?" என்று அந்த மாணவி கேட்டாள். "வீட்டுக்காரர்கிட்ட திட்டு வாங்கினேன்" என்றேன். போனிலேயே அழுதுவிட்டாள். அவள் சொன்ன நன்றி உங்களுக்குச் சேர வேண்டியது. என்னுடையதையும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.