ஏழு மணிச் செய்தியில் இரண்டு நாற்காலிகள்

மார்ச் 4, திங்கள்

எங்கள் நிலையத்துக்கு நான்காவது பெயர் வைக்கப் போகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ‘நகரொளி’, விளக்குச் சின்னம். கேபிள்காரர் ஐந்தாம் எண்ணைக் கொடுத்ததும் ‘ஒளி ஐந்து’ ஆனோம். அடுத்த வருஷமே அவர் எங்களைப் பதினேழுக்குத் தள்ளிவிட்டார். பதினேழில் வருகிற ‘ஒளி ஐந்து’ என்று இரண்டு வருஷம் ஓட்டினோம். எந்த எண், எந்த எண் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே வரவேற்பறைப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிப்போனது. அப்புறம் ‘நகர்க்குரல்’, கிளிச் சின்னத்தோடு. அதைக் காக்கை என்று நினைக்காதவர் ஊரில் யாருமில்லை.

இப்போது நிலையத்தை வாங்கியிருக்கும் புது முதலாளிகள் ஓர் ஆலோசகரை அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளை ஷூ, சின்ன லேப்டாப், பெரிய சிரிப்பு. கூட்ட அறையில் எல்லாரையும் உட்காரவைத்துத் திரையில் ஒரே ஓர் எழுத்தைக் காட்டினார். ‘ஊ’.

“ஊர்ங்கிற வார்த்தையோட முதல் எழுத்து. எளிமை. துணிச்சல்.”

மேக்கப் அக்கா என் காதருகே, “நரி ஊளையிடுற மாதிரி இருக்கு” என்றார். இருமல் வந்தவள்போல வெளியே ஓடி, மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்துத் தீர்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 6, புதன்

‘ஊ’ நீண்டு ‘ஊர்முகம்’ ஆகிவிட்டது. மேலாளர் தனியாக ஏதோ பேசியிருக்கிறார். சின்னம், ஒரு வட்டத்துக்குள் அரைவட்டம். உடைத்த முட்டை. காக்கைக்கு இது தேவலை.

மார்ச் 11, திங்கள்

இன்றும் நான்தான் தபால்காரி. வெண்கலத்தின் தாளை மைனாவிடம் கொடுத்தேன், மைனாவின் தாளை வெண்கலத்திடம் கொடுத்தேன். இருவருக்கும் நடுவே நான்கடி தூரம்.

பதினோரு வருஷமாக ஏழு மணிச் செய்தியை இந்த இரண்டு பேரும்தான் வாசிக்கிறார்கள். அவர் குரல் வெண்கல மணி. அவள் குரலுக்குத்தான் மைனா என்று பெயர் வந்தது. (முகத்துக்கு நேரே சார், மேடம்தான்.) திரையில் அவர் முடிக்கும் இடத்தில் இவள் தொடங்குவதைப் பார்த்தால், ஒரே மூச்சை இருவர் விடுவதுபோல இருக்கும். விளக்கு அணைந்ததும் ஆளுக்கொரு வாசல். பேச்சு நின்று நான்கு வருஷம்.

காரணம், மழை. நேரலையில் ஒருநாள் அவள் ‘மளை’ என்று வாசித்துவிட்டாள். அடுத்த செய்தியில் அவர் ‘மழை’யை மூன்று தடவை அழுத்தி அழுத்திச் சொன்னார். ஊர் முழுக்கச் சிரித்தது. அவள் அன்றைக்கு மூடிய வாய்தான்.

நிகழ்ச்சி அட்டவணை போடுகிறவளுக்கு ஏன் இந்தத் தபால் வேலை என்றால், என் மேசை இரண்டு வாசலுக்கும் நடுவில் கிடக்கிறது. அவ்வளவுதான்.

மார்ச் 14, வியாழன்

மேலாளர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“புதுப் பேரோட செய்திக்கு ஒரே முகம் போதும்னு ஆலோசகர் சொல்றார். ரெண்டு பேர்ல யாருன்னு என்னைக் கேட்கிறார். நான் உங்களைக் கேட்கிறேன்.”

“என்னை எதுக்கு சார்?”

“அட்டவணையில பேர் எழுதறது நீங்கதானே. பதினாலு வருஷமா இங்க இருக்கீங்க. இருபதாம் தேதிக்குள்ள சொல்லிடுங்க. வெளிய மூச்சு விடாதீங்க.”

மற்றவர்? “அவங்களுக்கு வேற ஏதாவது பார்க்கலாம்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். ஜன்னலைப் பார்த்துச் சொல்வதெல்லாம் நடக்காது என்று எனக்குத் தெரியும்.

என் வேலை நொடிகளை எண்ணுவது. செய்திக்கு இருபத்து நான்கு நிமிஷம், விளம்பரத்துக்கு ஆறு. மனுஷர்களை எண்ணி ஒருவரைக் கழிக்க நான் யார்?

மார்ச் 15, வெள்ளி

மைனாவோடு மதியச் சாப்பாடு. எதுவும் இறங்கவில்லை. “உடம்பு சரியில்லையாடி?” என்றாள். ஆமாம் என்றேன். பொய்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்றெல்லாம் மனசுக்குள் வெண்கலம் பேரை எழுதியிருந்தேன். அவருக்கு வயசு ஐம்பத்து நான்கு, வேறெங்கே போவார்? இன்று காலையில் மைனா பேர். அவளை விட்டால் எனக்கு யார்?

அத்தையைக் கேட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரரைப் பெற்ற மகராசி, ஒருநாள் விடாமல் செய்தி பார்க்கிறவர். சும்மா கேட்பதுபோல, “அத்தை, ஏழு மணிச் செய்தியை ஒருத்தர்தான் வாசிக்கணும்னா யார் வாசிக்கலாம்?” என்றேன்.

“அதெப்படி, புருஷன் பொண்டாட்டியில ஒருத்தரை மட்டும் கூப்பிடுவீங்க?”

“அவங்க புருஷன் பொண்டாட்டி இல்ல அத்தை.”

“எனக்குத் தெரியாதாக்கும். உன் ஆபீஸ் விஷயம்னா நீ எதையும் அமுக்கிடுவே.”

பதினோரு வருஷமாக இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்! வெண்கலத்துக்கு மனைவி இருக்கிறார், மைனாவின் கணவர் பல் டாக்டர் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “சரி சரி” என்று என் தோளைத் தட்டினார். என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 19, செவ்வாய்

கிடைத்துவிட்டது! ஆறரை மணி. அந்த அரை மணியில் இரண்டு வருஷமாகக் கதவு, ஜன்னல் கம்பெனியின் விளம்பரப் படம் ஓடுகிறது. அந்த ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஆறரைக்கு வெண்கலம், ஏழுக்கு மைனா. ஆளுக்கு ஒரு செய்தி, ஒரே முகம். யார் தலையும் உருளாது.

மேலாளரிடம் காட்டியபோது அவர் முகத்தில் பத்து வயசு குறைந்தது. மாலைக்குள் ஆலோசகர் தன் யோசனைபோல ‘இரட்டைச் செய்தி!’ என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். இன்று மூன்று சப்பாத்தி அதிகம் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 1, திங்கள்

ஊர்முகம் பிறந்தது. இந்தத் தேதியில் தொடங்க வேண்டாமே என்று மேக்கப் அக்கா எவ்வளவோ சொன்னார், ஆலோசகர் கேட்கவில்லை. கேபிள் ஆபீசிலிருந்தே ஒருவர் கூப்பிட்டு, “ஏமாத்துறீங்களா, நிஜமாவே பேர் மாத்திட்டீங்களா?” என்று கேட்டார்.

ஆறரைக்கு வெண்கலம், தனியாக. நன்றாகத்தான் வாசித்தார். ஒரு செய்தி முடிந்ததும் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினார். அங்கே மைனா இல்லை, ஒரு தொட்டிச் செடி இருந்தது.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஆலோசகர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா! மைனாவிடம் என்னைப் பாராட்டுகிறாராம்: “ரெண்டு பேர்ல ஒருத்தரை எடுக்கச் சொன்னோம், இவங்கதான் வழி கண்டுபிடிச்சாங்க.”

நேரே என் மேசைக்கு வந்தாள். கோபத்தில் அவள் சத்தம் போடுவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“மூணு வாரமா உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கே.”

“வெளிய சொல்லக் கூடாதுன்னு… உன்னைக் காப்பாத்தணும்னுதான்…”

“காப்பாத்தலை. தராசுல வெச்சுப் பார்த்திருக்கே.”

போய்விட்டாள். தனியாகச் சாப்பிட்டேன். அவள் சொன்னது சரிதான். பார்த்தேன்தானே. வைத்துத்தானே பார்த்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

இந்த வாரம் வரவேற்பறைக்கு முப்பத்தேழு அழைப்பு. புதுப் பெயரைப் பற்றி இரண்டு. சின்னத்தைப் பற்றி ஒன்று (“அது என்ன முட்டையா?”). மீதி முப்பத்து நான்கும் ஒரே கேள்வி: “அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்களா?”

ஒரு பெரியவர், “பிள்ளைங்க யார்கிட்ட இருக்காங்க?” என்று கேட்டாராம்.

அத்தை மட்டும்தான் என்றல்லவா நினைத்தேன். ஊரே அப்படித்தான் நினைத்திருக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

வெண்கலம் என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனுஷன் அரண்டுபோயிருந்தார்.

“மேடம், காய்கறிக் கடையில ஒரு அம்மா எங்க வீட்டம்மாவை மேலயும் கீழயும் பார்த்து, ‘நீதானா அது?’ன்னு கேட்டிருக்காங்க.”

“எது சார்?”

“நான் இவளுக்காகத்தான் செய்தி வாசிக்கிற மேடத்தை விட்டுட்டேனாம்! கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு மேடம். தக்காளியைக்கூட வாங்காம வீட்டுக்கு வந்துட்டா.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவரே முதலில் சிரித்துவிட்டார். வெண்கலம் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

மைனா என்னிடம் பேசுவதில்லை என்பதால் இது மேக்கப் அக்கா வழியாக வந்தது. அவள் கணவரிடம் பல் காட்ட வந்த ஒருவர், “அந்தச் செய்தி வாசிக்கிற அம்மா பாவங்க, புருஷன் கைவிட்டுட்டானாம்” என்று உருகியிருக்கிறார். டாக்டர் துளை போடும் கருவியைக் கையில் பிடித்தபடி, “நான்தாங்க அந்தப் புருஷன்” என்றாராம். அந்த ஆள் வாயை மூடவே இல்லையாம். வேலை சுலபமாக முடிந்தது.

இந்த வாரப் பார்வையாளர் எண்ணிக்கை வந்தது. இரண்டு செய்தியும் சேர்ந்தே பழைய ஏழு மணிக்கு ஈடாகவில்லை. ஆலோசகரின் ஷூ இன்று அவ்வளவு வெள்ளையாக இல்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

இதை அப்படியே எழுதிவைக்க வேண்டும்.

மதியம், வெண்கலம் தன் வாசல் வழியாக வந்தார். மைனா தன் வாசல் வழியாக வந்தாள். நடுவில் நான். தாளுக்காகக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்து, “மேடம்” என்றார். நான் இல்லை. அவள்.

“ஊர்ல எல்லாரும் என்னைத் திட்டுறாங்க.”

“எனக்கு எல்லாரும் ஆறுதல் சொல்றாங்க. அது அதைவிடக் கொடுமை” என்றாள்.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். அட்டவணையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

“அந்த மழை…” என்று தொடங்கினார்.

“விடுங்க சார். என் பையன்கூட ஒரு வருஷம் கேலி பண்ணான்.”

“உங்களைக் கேலி பண்ணலை மேடம். சின்ன வயசுல எனக்கு ழகரமே வராது. பள்ளிக்கூடத்துல ‘வாளைப்பளம்’னுதான் எனக்குப் பேரு. அன்னைக்கு உங்க நாக்கு பிசகினதும் எனக்கு உள்ளே நடுங்கிடுச்சு. அடுத்து நானும் பிசகிடுவேனோன்னு பயந்துதான் அழுத்தி அழுத்திச் சொன்னேன்.”

“மூணு தடவையா?”

“மூணு தடவையும் பயம்.”

வெண்கலக் குரலுக்குள் இப்படி ஒரு பையன் இருந்திருக்கிறான். மைனா பொத்தென்று என் மேசையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “நாலு வருஷம் சார்! இதை நாலு வருஷம் முன்னாடி சொல்றதுக்கு என்ன?” என்றாள்.

“நீங்க கேட்கவே இல்லையே.”

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் அட்டவணைமேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கச் சொல்ல மனசு வரவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

இருவரும் சேர்ந்து மேலாளர் அறைக்குப் போனார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு. ஆறரையிலிருந்து ஏழரை வரை ஒரே செய்தி, இரண்டு நாற்காலி, செடி வேண்டாம். அட்டவணையை முந்தின நாளே போட்டு வைத்திருந்தேன். விளம்பர நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை என்று காட்டினேன். ஆலோசகர் கொஞ்சம் யோசித்து, “ஒரே ஊர், இரண்டு முகம். இதுதான் நான் முதல்லேயே சொன்னது” என்றார். மேலாளர் ஜன்னலைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துச் சரி என்றார்.

வெளியே வந்ததும் மைனாவை நிறுத்தினேன். “தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்” என்றேன்.

“யார் பேரை எழுதினே?”

மறைத்தது போதும் என்று உள்ளதைச் சொன்னேன். “ஒருநாள் அவர் பேரு, ஒருநாள் உன் பேரு.”

“அவர் பேரு என்னைக்கு?”

“சனிக்கிழமை. எதுக்கு?”

“சனிக்கிழமை உனக்கு போன் பண்ணி அரை மணி நேரம் ஆறுதலா பேசினேன். உடம்பு சரியில்லைன்னியே!” என்று முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது. நாளைக்கு அவளோடுதான் சாப்பாடு.

மே 6, திங்கள்

சேர்ந்து வாசித்தார்கள். வரவேற்பறைக்கு ஐம்பத்திரண்டு அழைப்பு. எல்லாம் வாழ்த்து. ஒருவர், இனிமேலாவது விட்டுக்கொடுத்துப் போகச் சொன்னாராம்.

அத்தை தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “புருஷன் பொண்டாட்டி சண்டை எத்தனை நாளைக்கு?” என்றார். இந்தத் தடவை நான் மறுக்கவில்லை.

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. முதல் செய்தி பேருந்து நிலையமா, தண்ணீர்த் தொட்டியா என்று இருவருக்கும் பத்து மணிக்குத் தொடங்கிய வாக்குவாதம். பன்னிரண்டு மணிக்கு அது யார் ‘வணக்கம்’ சொல்வது என்பதற்குப் போனது. நடுவில் தன் டாக்டர் சொன்னதாக மைனா சொன்ன ஏதோ பல் கதைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பு. திரும்பவும் சண்டை. வெண்கலக் குரலை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு யாரால் நொடி எண்ண முடியும்? மூன்று தடவை கூட்டினேன், மூன்று தடவையும் வேறு வேறு விடை.

மதியம் என் மேசையை அறையின் அந்தக் கோடிக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அங்கேயும் கேட்கிறது.