லோயர் ஆர்ம் மாற்றிய சனிக்கிழமை

அம்மாபேட்டை, சேலம்
ஏப்ரல் 27

அன்பு அக்கா செல்வமேரிக்கு,

தங்கை அக்சிலியா எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். மடத்தில் நீயும் உன்னோடு இருப்பவர்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். இந்தக் கடிதத்தை முதலில் உங்கள் பொறுப்பு சிஸ்டர் படிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்கும் என் வணக்கம்.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா இப்போது எதையும் பிடிக்காமல் பத்தடி நடக்கிறார். பஸ்ஸில் மட்டும் உட்கார முடியாது. நீ துறவற வாக்குறுதி எடுக்கும் வார்த்தைப்பாட்டுச் சடங்குக்குத் திண்டுக்கல் வர நம் பழைய கார்தான் வழி. அப்பாவோ, "முன்சக்கரம் கடகடங்குது, நாமக்கல்லே தாண்டாது" என்று நாலு மாதமாகச் சொன்னார். சரி செய்யவும் இல்லை. நீ மடத்துக்குப் போன நாளிலிருந்து உன் பெயரைச் சொல்லாதவர். வராமலிருக்க அந்தச் சத்தம் அவருக்கு வசதியாகப் போயிற்று என்று நினைத்தேன்.

போன சனிக்கிழமை அவர் தூங்கும்போது காரை மெதுவாக ஓட்டி வேலுமணி அண்ணன் பட்டறைக்குப் போனேன். அண்ணனிடம் வாய் திறக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது. எப்போதும் நீதானே பேசுவாய்? என் கல்லூரி விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றதும் நீ. நான் படித்து முடிக்கட்டும் என்று மடத்தில் சேரும் உன் ஆசையை மூன்று வருடம் தள்ளிவைத்து ஜவுளிக்கடையில் நின்றதும் நீ. அதை நினைத்துக்கொண்டுதான் பேசினேன்.

சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் கிழிந்து, இரும்போடு இரும்பு இடித்திருக்கிறது. அண்ணன் ஜாக்கி போட்டுத் தூக்கிப் புதிதை மாட்டி, போல்ட்டை இறுக்கிவிட்டார். அப்போது பார்த்து அப்பா வந்து நின்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை. "ஏன்டா, சக்கரம் தொங்கறப்பவே முழுசா முறுக்கிட்டியா? கீழ எறக்குனா ரப்பர் திருகிக்காது?" என்று அண்ணனைத்தான் பிடித்தார்.

"ஏனுங்கண்ணா, கடைவீதி போய்வர இது பத்தாதுங்களா?"

"கடைவீதிக்கு யார்றா போறா? கரூர் தாண்டிப் போகோணும்."

போல்ட்டைத் தளர்த்தி, காரைக் கீழே இறக்கி, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழிமேல் நிறுத்தச் சொன்னார். லாரிக்காரர்கள் வழக்கமாம், போகிற ஆட்களின் எடையோடுதான் முறுக்க வேண்டுமாம். என்னை முன்னால் உட்கார வைத்தார். அம்மாவுக்குப் பதிலாகப் பின்சீட்டில் ஒரு ஜவ்வரிசி மூட்டை. (அம்மாவிடம் இதைச் சொல்லாதே.) பிறகு ஸ்பேனரோடு குழியில் இறங்கிக்கொண்டு, "வேலுமணி, நீ ஏறி டிரைவர் சீட்டுல குந்து. என் எடை இருப்பே" என்றார்.

அக்கா, திண்டுக்கல்லுக்கு ஓட்டப்போவது அப்பாவேதான் என்று புரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வேறு டிரைவரைப் பேசி வைத்திருந்தேன். அன்று மாலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. இப்போது துளிச் சத்தமில்லை. வேலுமணி அண்ணனுக்கும், என்னைப் பேச வைத்த உனக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளுக்கும் நன்றி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வார்த்தைப்பாட்டு அன்றைக்கு அப்பா உள்ளே வரக் கூச்சப்பட்டு, சக்கரத்தைப் பார்ப்பதுபோலக் காரருகிலேயே நிற்பார். அனுமதி கேட்டுக்கொண்டு நீயே வெளியே வா. "வழியில வண்டி சத்தம் போட்டுச்சாப்பா?" என்று மட்டும் கேள். அது போதும் அவருக்கு.

உன் தங்கை,
அக்சிலியா